புளிப்பெயர் கொண்ட ஊரும் தோட்டத்து அடுப்பும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்க அறிக்கையையும் தேடுவது இயல்பு. மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரோ கல்வெட்டு எதனையும் விட்டுச் சென்றவரல்லர். அவர்களைப் பற்றி அரசாங்கமும் கம்பெனிகளும் எழுதி வைத்த ஏடுகளில் ஆட்கணக்கும் கூலிக்கணக்கும் நோய்க்கணக்கும் உண்டு. விடியற்காலையில் அவர்கள் எதனை உண்டு வேலைக்குச் சென்றனர், மழைநாளில் எதனைப் பருகிக் குளிர் போக்கினர் என்னும் செய்திகள் அவற்றில் அருகியே காணப்படும். ஆயினும் அவ்வரலாறு அழிந்துவிடவில்லை. சமையற்கட்டுச் சொற்களிலும் பாட்டிமார் கைப்பக்குவத்திலும் அஃது ஒளிந்து கிடக்கிறது. கோலசிலாங்கூர் வட்டாரத்து அசாம் ஜாவாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நடுவாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

தோட்டத் தமிழர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த உணவையே மாற்றமின்றி உண்டு வந்தனர் என்றொரு கருத்துப் பொதுவாக நிலவுகிறது. இஃது அரை உண்மையே. பெயர்கள் ஊரிலிருந்து வந்தன. பக்குவமும் ஊரிலிருந்து வந்தது. ஆனால், தோட்டத்தின் வேலை நேரமும், கடையில் கிடைத்த பண்டமும், நோயும், போரும் சேர்ந்து அவ்வுணவைப் புதிதாக ஆக்கின. குளிருக்கும் மழைக்கும் உரிய சூடான உணவுகளை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

ஊர்ப்பெயரின் பொருள்

அசாம் ஜாவா என்ற பெயரைக் கேட்போர் சிலர், இந்தியாவின் அசாம் மாநிலத்தோடு அதற்கு ஏதோ தொடர்புண்டு என எண்ணக்கூடும். தொடர்பு ஒன்றுமில்லை. மலாய் மொழியில் 'அசாம்' என்பது புளிப்பு. 'அசாம் ஜாவா' என்பது ஜாவாப் புளிப்பு. அதாவது, நாம் குழம்பில் கரைக்கும் புளி. மெலிதாக அரிந்து உலர்த்திய காயாக விற்கப்படும் 'அசாம் கெலுகோர்' வேறு. அது குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. மரத்தின் பெயரால் ஊரை அழைப்பது மலாய் நாட்டில் பெருவழக்கு. மலாக்கா, ஈப்போ ஆகிய இரு பெருநகரங்களும் மரப்பெயர் பெற்றவையே. அசாம் ஜாவாவுக்கு அண்மையிலுள்ள புக்கிட் ரோத்தான் என்பதற்குப் 'பிரம்புக் குன்று' என்பது பொருள். தமிழகத்தில் புளியங்குடி, புளியந்தோப்பு என்று வழங்குவது போன்றதே இதுவும்.

புளிமரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதி என்பர் தாவர நூலார். ஆனால், அராபியர் அதன் கனியை 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அதிலிருந்து பிறந்தது. மலாயர் அதனை ஜாவாவோடு சேர்த்துப் பேசினர். ஒவ்வோர் இனத்தாரும் புளி தமக்கு எத்திசையிலிருந்து வந்ததாகக் கருதினரோ அத்திசையை அதன் பெயரில் வைத்தனர் போலும். தமிழர் மட்டும் அதனை அயற்பொருளாகக் கருதவில்லை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் புளிமரத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஒரு புணர்ச்சி விதியும், புளிப்புச் சுவையைக் குறிக்கும் சொல்லுக்கு வேறொரு விதியும் கூறப்பட்டுள்ளன. மரமாயின் 'புளியங்கோடு', சுவையாயின் 'புளிங்கூழ்'. இலக்கணம் வகுக்கும் அளவுக்கு அச்சுவை பண்டே நம் நாவில் பழகியிருந்தது என்பது இதனால் விளங்கும். கடல் கடந்து வந்த தமிழர், புளியின் பெயரையே தாங்கிய ஓர் ஊரைச் சுற்றிக் குடியேறினர் என்பது நினைந்து மகிழத்தக்க ஒரு பொருத்தமாகும்.

குளிர்காலம் இல்லாத நாட்டில் குளிர்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி என்பது நாம் அறிந்த பகுப்பு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை கூதிர்க்காலத்தை விரித்துரைப்பது. அக்காலத்தில் மக்கள் குறுகிய வாயையுடைய கலங்களிலுள்ள குளிர்ந்த நீரை வெறுத்து, அகன்ற வாயையுடைய தடவுகளில் நெருப்பிட்டுக் குளிர் காய்ந்தனர் என்று நக்கீரர் கூறுகிறார்.

சிலாங்கூரின் கடலோரத்தில் பனி பெய்வதில்லை. விடியற்காலையில்கூட வெப்பம் 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அங்ஙனமாயின் அங்குக் குளிர் ஏது என்று கேட்கலாம். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. ஏப்ரல் அளவில் மற்றொரு மழைக்காலம் உண்டு. முன்னதாகிய பெருமழை நம் கூதிரோடு ஒத்து வருவது. பால்மரத்தைப் புலரும் வேளையில் சீவினால்தான் பால் நன்றாக ஒழுகும். ஆகவே, தொழிலாளர் இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடந்து நிரைக்குச் சென்றனர். இலையிலிருந்து சொட்டும் நீரில் உடம்பெல்லாம் நனையும். பதினொரு மணி வரையில் அவ்வீரத்தோடு நிற்பவர்க்கு 23 பாகையும் குளிரே.

இதில் வேறொரு கொடுமையும் உண்டு. பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ இயலாது. பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆதலால், நாட்கூலி பெறுவோர்க்கு மழைநாள் பெரும்பாலும் கூலியற்ற நாளாயிற்று. எந்த நாளில் சூடான உணவு மிகுதியும் வேண்டப்பட்டதோ அந்த நாளிலேயே வருவாய் இல்லை. மிளகும் புளியும் உப்பும் கைப்பிடி அரிசியும் இருந்தால் ஒரு குடும்பத்தை நிறைவாக உண்ணச் செய்யும் உணவுகள் தோட்டத்தில் முதலிடம் பெற்றதற்கு இதுவே காரணம். சுவைக்காக மட்டும் அவை தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

கூழிலிருந்து சோற்றுக்கு

கங்காணிமார் ஆள் திரட்டிய சென்னை மாகாண மாவட்டங்களுள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகியவை முதன்மையானவை. தஞ்சையை நீக்கிப் பார்த்தால், இவற்றின் புன்செய்ப் பகுதிகளில் ஏழை உழவரின் அன்றாட உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆகும். நெற்சோறு விழாநாளுக்கு உரியதாக இருந்த வீடுகள் பல. மலாயாவிலோ கேழ்வரகு விளையவில்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசியே வந்தது. ஆகவே கூழ் குடித்தவர் கஞ்சி குடிப்பவராயினர். ஊர்ப்பெயரோடும் குலதெய்வத்தோடும் வந்தவர்கள் தம் அடிப்படைத் தானியத்தையே மாற்றிக்கொண்டனர் என்பது சிறிய மாற்றமன்று.

அம்மாற்றத்திலும் அவர்கள் ஒன்றை விடாது பற்றியிருந்தனர். அதுவே புழுங்கல் அரிசி. அதன் பெருமையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சி இந்நாட்டிலேயே நடைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் பல்லாயிரவரைக் கொன்றது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தவருள் தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் மிகப் பலர். தமிழர் மிகச் சிலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இவ்வேறுபாட்டை நோக்கி, அரிசியிலேயே காரணம் உளது என்றார். 1905-ஆம் ஆண்டு வில்லியம் பிளெட்சர் என்பார் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு வெள்ளரிசியும் மற்றவர்க்குப் புழுங்கல் அரிசியும் அளித்து ஆராய்ந்தார். வெள்ளரிசி உண்டோரிடையே நோய் பரவிப் பலர் மாண்டனர். புழுங்கல் உண்டோரிடையே அது பரவவில்லை. பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் இம்முடிவை உறுதி செய்தனர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை அடுத்த தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுதும் நீங்குவதில்லை. தயமின் என்று இன்று நாம் கூறும் உயிர்ச்சத்து அதுவே. சோறு வடிக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி நீரோடு போகும். அதனையும் கொட்டாமல் உப்பிட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடித்தனர் நம் மக்கள். அறிவியல் பெயரிடுவதற்கு முன்பே வடிகஞ்சி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

காலையுணவுக்குத் தோட்டத் தமிழர் வழங்கிய சொல்லும் குறிக்கத்தக்கது. 'பசியாறுதல்' என்பதற்கு எவ்வேளையிலும் பசி தீர்தல் என்பதே பொதுப்பொருள். மலேசியத் தமிழிலோ அது காலையுணவைச் சிறப்பாகக் குறிக்கும். "பசியாறியாச்சா?" என்று காலையில் கேட்பது நலம் உசாவும் முறையாகவே ஆகிவிட்டது. முதல் நாள் மாலைக்குப் பிறகு ஒன்றும் உண்ணாமல் இருட்டில் வேலைக்குச் சென்று, வெயில் ஏறிய பின்பே வயிற்றுக்கு இடும் வாழ்க்கையில் அச்சொல்லுக்கு இப்பொருள் அமைந்தது முற்றும் பொருத்தமே.

சாறும் துணைக்கறியும்

மழைக்கால உணவுகளுள் தலையாயது மிளகுத்தண்ணீர். ரசம் என்றும் சாறு என்றும் அதனையே வழங்குவர். ஆங்கிலேயர் இதனை விரும்பி உண்டு, 'மல்லிகட்டானி' என்று திரித்து, இறைச்சியும் சேர்த்துத் தம் உணவாக்கிக் கொண்டனர். யூல், பர்னல் என்போர் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் அச்சொல் இடம்பெற்று, அதன் மூலம் தமிழே என்று காட்டப்பட்டுள்ளது. தோட்டத்துரை பங்களாவில் பீங்கான் கிண்ணத்தில் உண்டதும், லயத்தில் தொழிலாளி அலுமினியக் குவளையில் குடித்ததும் பிறப்பால் ஒன்றே.

அதன் பக்குவம் எளியது. எலுமிச்சங்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும். மிளகு, சீரகம், பூண்டு இவற்றை அம்மியில் வைத்து நசுக்க வேண்டும். விழுதாக அரைத்தால் மணம் குன்றும். தக்காளி இருந்தால் பிசைந்து சேர்க்கலாம். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கரைசலை ஊற்றி, நுரை கூடி எழும் தறுவாயில் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் கெட்டது. கொள்ளு கிடைத்த வீடுகளில் அதனை வேகவைத்த நீரைப் புளிக்கரைசலோடு கூட்டுவர். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. ஆனால், நனைந்து வந்தவன் இளைத்தவனாயினும் அவனுக்குக் கொள்ளுச்சாறே மருந்தாயிற்று.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி. பழந்தமிழில் 'கறி' என்பது மிளகைக் குறித்தது. இன்று அது சோற்றோடு உண்ணும் துணைப்பண்டத்தையும் இறைச்சியையும் குறிக்கிறது. மிளகாயோ அமெரிக்காவில் தோன்றி, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காயாதலின் அப்பெயர் பெற்றது. வந்தேறிய பண்டம் பழைய பண்டத்தின் பெயரையே தாங்கி நிற்பது, வந்தேறிய மக்கள் பழைய ஊரின் பெயரைத் தாங்கி நிற்பதைப் போன்றது.

துணைக்கறிகளில் புதுநாட்டின் கை மிகுதியும் தெரியும். கோலசிலாங்கூரை அடுத்த பாசிர் பெனம்பாங் மீனவர் சிற்றூர். கடலோரம் முழுவதும் மீனும் இறாலும் மலிவு. எனவே, சேலத்துப் புன்செய்க் காட்டிலிருந்து வந்த குடும்பமும் கடற்கருவாட்டையும் நெத்திலியையும் அன்றாடம் ஆளத் தொடங்கியது. கருவாட்டுப் புளிக்குழம்பில் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துக் கெட்டியாக வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் சுவை கூடும். மழைநாளில் சந்தைக்குப் போக முடியாதவர்க்கு இஃது எவ்வளவு உதவி! கரையோரத் தென்னையின் காய் துவையலாயிற்று; பாலாகிக் குழம்பிலும் இறங்கிற்று. லயத்துக் கொல்லையில் வளர்ந்த முருங்கையின் இலை பூண்டோடு சாறாயிற்று. மலாய் அண்டை வீட்டாரின் பிலாச்சான் சம்பால் தமிழர் தட்டிலும் ஏறியது. உணவுக்குப் பிறகு சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட காப்பி. பால் வாங்க இயலாத வீட்டில் அது வரக்காப்பி.

குளிர்காய்ச்சலும் பத்திய உணவும்

தோட்டங்களில் 'குளிர்' என்ற சொல்லுக்கு மற்றொரு பொருளும் இருந்தது. அது மலேரியா. காடு வெட்டிப் பால்மரம் நட்ட தொடக்க ஆண்டுகளில் கொசுவால் பரவிய இந்நோய் பல்லாயிரவரை மாய்த்தது. 1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து நோயைக் குறைத்துக் காட்டினார். ஆனால், எல்லாத் தோட்டங்களுக்கும் அப்பணி பரவ நெடுங்காலம் ஆயிற்று. பெரட்டுக்களத்தில் கொய்னா மருந்தை வரிசையாக நிறுத்திக் கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது.

பல் கிட்ட நடுங்குபவனுக்கு வீட்டார் என் செய்வர்? கம்பளி போர்த்துவர், குழையச் சமைத்த கஞ்சியும், மிளகு மிகுத்த சாறும், சுட்ட அப்பளமும் கொடுப்பர். கொய்னாவின் கசப்பைப் புளிச்சாறு மாற்றும். நாக்குச் செத்தவனுக்கு உணவில் விருப்பம் பிறக்கும். மருந்து செய்யும் வேலையை உணவு செய்துவிடாது. ஆயினும், நோயிலிருந்து எழுந்தவனை மீண்டும் மரத்தடிக்கு அனுப்பிய வலிமை அடுப்பிலிருந்தே வந்தது.

அரிசி மறைந்த ஆண்டுகள்

1942-ஆம் ஆண்டு சனவரி 11-இல் கோலாலம்பூர் சப்பானியர் கைப்பட்டது. பர்மா, சயாம் அரிசியை நம்பியிருந்த நாடு பட்டினியில் ஆழ்ந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். பல்லாயிரம் தமிழர் அங்கே காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் மடிந்தனர். லயத்தில் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் எஞ்சினர். அவர்களைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு.

அது தண்டை ஒடித்து நட்டாலே வளர்வது. எளிய மண்ணிலும் விளைவது. அவித்து உண்டனர், சீவிக் காயவைத்து இடித்து மாவாக்கிப் புட்டும் ரொட்டியும் செய்தனர், அதன் கொழுந்திலையையும் சமைத்தனர். கிழங்கில் நச்சுப்பொருள் உண்டாதலின் தோலை நீக்கி நன்றாக வேகவைக்க வேண்டும் என்பதை அனுபவத்தால் கற்றனர். வயிறு நிறைந்தது, ஆனால் உடற்கட்டுக்குரிய புரதம் அதில் மிகக் குறைவு. கைகால் மெலிந்து வயிறு பெருத்த குழந்தைகளே அந்த ஆண்டுகளின் சான்று. அக்காலத்திலும் உப்பும் புளியும் கூட்டி ஒரு சாறு வைத்துக் கிழங்குக்கு ஊற்றிக்கொண்டனர். சோறு மறைந்தபோதும் அதற்குரிய துணைக்கறி மறையவில்லை என்பது எண்ணத்தக்கது.

போர் 1945-இல் முடிந்தும் அரிசிப் பங்கீடு உடனே நீங்கவில்லை. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு சென்று சேராதபடி லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. கட்டுப்பாடு கடுமையாயிருந்த வட்டாரங்களில் உணவை வேலிக்கு வெளியே எடுத்துச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 1956-இலிருந்து சில இடங்களில் அரிசியாக வழங்காமல் பொதுச் சமையலறையில் வடித்த சோறாகவே பங்கிட்டனர். சோறாயின் விரைவில் புளித்துக் கெடும். சேர்த்து வைக்க இயலாது என்பதே காரணம். பழைய சோற்றின் இயல்பை நன்கறிந்த மக்களுக்கு எதிராக அவ்வியல்பே ஒரு கருவியாகப் பயன்பட்டது.

இன்றைய கடமை

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். தமிழ் மரப்பெயர் கொண்ட அத்தோட்டத்தில் தொடங்கிய செம்பனை, 1960-களுக்குப் பின் பால்மரத்தின் இடத்தைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்டது. பின்னர் நகரங்கள் விரிந்தன, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. தோட்டத்தோடு பெரட்டு, மங்கு, ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களும் வழக்கொழியத் தொடங்கின.

உணவுகள் சில பிழைத்தன. ரசம் இன்று மலாய்க்காரரும் சீனரும் கேட்டு வாங்கிப் பருகும் பொருளாயிற்று. பசிக்கால உணவாகிய மரவள்ளி, தேங்காய்த் துருவலோடு மாலைச் சிற்றுண்டி ஆயிற்று. ஆனால், அவற்றை உண்ணும் இளைஞருக்கு அவற்றின் வரலாறு தெரியாது. ரசத்துக்குப் பின்னே கூலியற்ற மழைநாள் நிற்பதும், வடிகஞ்சிக்குப் பின்னே பெரிபெரி நிற்பதும், கிழங்குக்குப் பின்னே இரயில்பாதையில் மாண்ட தாத்தா நிற்பதும் அவர்கள் அறியாதவை.

இவ்வறிவைச் சேர்த்துக் காப்பதற்கு ஆராய்ச்சி நிலையம் எதுவும் வேண்டுவதில்லை. தமிழ்ப்பள்ளியும் ஆசிரியரும் போதும். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் மூன்று வினாக்கள் கேட்டு வரட்டும். மழைநாளில் நம் வீட்டில் என்ன சமைத்தார்கள்? அதற்கு வேண்டிய பண்டம் எங்கிருந்து வந்தது? அது கிடைக்காத காலத்தில் என்ன செய்தார்கள்? விடைகளை, அம்முதியோர் சொன்ன சொற்களை மாற்றாமல், தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைக்கட்டும். சொல்வளமும் வரலாறும் ஒரே பாடத்தில் கிட்டும்.

சப்பானியர் காலத்தில் மரவள்ளி தின்று வளர்ந்த குழந்தைகள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவ்வினாக்களைக் கேட்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் இல்லை.